வண்டியில் வைக்க ஒரு டார்ச்

மேனேஜர் மூன்று டார்ச் லைட்டுகளை மேசை மேல் வரிசையாக நிறுத்திவிட்டு, "இதுல எதை நம்பி வண்டியில போட்டு வைக்கலாம்னு நீங்களே சோதிச்சுச் சொல்லுங்க. மூணு வாரம் டைம்," என்றார். சாவிக்காரர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச அந்த டிப்போவில் ஆள் கிடையாது.

சாவிக்காரர் என்பது டிரைவர்கள் வைத்த பேர். ஸ்டோர் பொறுப்பு அவருடையது. இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவி தொங்கும். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். மருந்தும் ஐஸ்கிரீமும் ஏற்றிக்கொண்டு பதினான்கு குளிர்பெட்டி லாரிகள் ஓடுகிற கம்பெனி அது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஸ்டோரிலிருந்து ஒரு நட்டு, ஒரு வாஷர் கணக்கில்லாமல் வெளியே போனதில்லை. கை சுத்தமான மனுஷர்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கை சுத்தம் என்பதைத் தினமும் நாலு பேர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அந்த ஆசைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் டார்ச் பேட்டரிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. டிரைவர்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் அவர்கள் பிள்ளைகளின் பொம்மைக் காரும் கம்பெனி தயவில் ஓடின. சாவிக்காரர் யோசித்து ஒரு விதி எழுதிக் கொடுத்தார்: டார்ச் வண்டியில் இருக்கும், பேட்டரி ஸ்டோரில் இருக்கும். புறப்படும்போது கையெழுத்துப் போட்டு வாங்கிப் போட வேண்டும், திரும்பி வந்ததும் கழற்றி ஒப்படைக்க வேண்டும். மேனேஜர் அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டிப் பாராட்டினார். பதினான்கு லாரிகளில் பதினான்கு வெறும் குழாய்கள் படுத்துக் கிடப்பதை நினைத்து அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு வராத அந்த விஷயத்துக்கு ஒரு கால் போனது. போனது சாவிக்காரரின் தங்கை புருஷனுக்கு. அவரும் அதே டிப்போவில் டிரைவர். ஒன்பது வருஷத்துக்கு முன் வேலையில் சேர்த்துவிட்டதே சாவிக்காரர்தான். மருந்து ஏற்றிக்கொண்டு போன வழியில், இருட்டிய பிறகு, ஒரு வளைவில் பின் டயர் வெடித்தது. வண்டியின் பின்விளக்கும் அத்தோடு செத்துப்போனது. மாப்பிள்ளை இறங்கி, போனைக் காதில் வைத்து டிப்போவுக்குத் தகவல் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தார். போன் காதில் இருந்ததால் வெளிச்சமும் காதில்தான் இருந்தது. வளைவில் திரும்பிய சரக்கு வேன்காரன் லாரியைப் பார்த்து ஒடித்தான், மனுஷனைப் பார்க்கவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கி, மறுநாள் எடுத்துவிட்டார்கள்.

டார்ச் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. உள்ளே பேட்டரி இல்லை.

புறப்படும்போது நிரப்புகிற தாளில் 'டார்ச் உள்ளதா' என்ற கேள்விக்கு மாப்பிள்ளை டிக் அடித்திருந்தார். டார்ச் இருந்தது, அடித்தார். பேட்டரி உள்ளதா என்று அந்தத் தாளில் யாரும் கேட்கவில்லை. பேட்டரி ரெஜிஸ்டரில் அன்றைய தேதிக்கு எதிரே அவர் கையெழுத்து இல்லை. ஏன் இல்லை என்பது விசாரணை.

ஏன் இல்லை என்பது சாவிக்காரருக்குத் தெரியும். அன்று மாதக் கடைசி. இரண்டிலிருந்து நாலு மணி வரை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இருப்பு எண்ணுவது வழக்கம். மூன்று மணி வாக்கில் ஷட்டரில் தட்டு விழுந்தது. "மச்சான், ரெண்டு பேட்டரி." கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. "மச்சான், அவசர லோடு." வேறு எந்த டிரைவர் தட்டியிருந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே ஷட்டரை ஒரு சாண் தூக்கி நீட்டியிருப்பார், எத்தனையோ தடவை நீட்டியும் இருக்கிறார். மாப்பிள்ளை என்பதால்தான் நீட்டவில்லை. அதற்கு முந்தின மாதம் டீக்கடையில் ஒருத்தன், "சாவிக்காரர் வீட்டு மாப்பிள்ளைக்குப் புது டயர், நமக்கெல்லாம் தேஞ்ச டயர்," என்று சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. அது பச்சைப் பொய். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு. அதனால் மாப்பிள்ளையின் தட்டுக்கு மூச்சுக் காட்டாமல் நின்று, வீல் நட்டு எண்ணினார். இருபத்தேழு, இருபத்தெட்டு. வெளியே காலடிச் சத்தம் போய்விட்டது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் மாப்பிள்ளையின் பிழைப்புப் போகும். ஒற்றைக் காலோடு இனி லாரி ஓட்ட முடியாது. டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. வாசலில் எடைமேடை அறை. உள்ளே வரும் வண்டியின் எடையைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த நாற்காலியை மாப்பிள்ளைக்குக் கொடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை விசாரணைக் கமிட்டி முடிவு செய்யும். கமிட்டியில் மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, அப்புறம் நம்ம சாவிக்காரர்.

டார்ச்சுகளைச் சோதிப்பதில் அவர் காட்டிய அக்கறையை என்னவென்று சொல்வது! பெண்ணுக்கு வரன் பார்க்கிறவன்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டான். மூன்றையும் வெயிலில் நிற்கிற லாரியின் கேபினுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாள் கணக்கில் போட்டு வைத்தார். கேபின் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் பத்துப் பத்துத் தடவை போட்டார். வாளித் தண்ணீரில் ஒரு பகல் ஊறவிட்டார். கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பட்டனைத் தடவிக் கண்டுபிடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினார்.

முதல் டார்ச் அலுமினியம். பார்க்க ராஜா மாதிரி இருந்தது, வெளிச்சம் பக்கத்துத் தெருவரை போனது. சார்ஜ் ஏற்றுகிற வகை. ஆனால் பட்டன் மெத்தென்று இருந்ததால் ஜாக்கிக்குப் பக்கத்தில் கிடந்தபோது தானே அழுந்தி, யாருக்கும் தெரியாமல் எரிந்து, மூன்றாம் நாள் பிணமாகக் கிடந்தது. இரண்டாவது மலிவு. கேபின் சூட்டில் அதன் பேட்டரி கசிந்து, உள்ளே ஸ்பிரிங்கெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. மூன்றாவது குட்டையானது, மேலே ரப்பர் உறை. சாதாரணப் பேட்டரிதான், ஆனால் கசியாத வகையை வாங்கிப் போட வேண்டும். தலை ஆறு பட்டையாக இருந்ததால் உருளவில்லை. திருகினால்தான் எரிந்தது. அடியில் காந்தம், பக்கவாட்டில் சிவப்பாக மின்னுகிற விளக்கு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார். எழுதும்போது மனசு லேசாக இருந்தது. டார்ச்சைப் பற்றி எழுதுகிற வரைக்கும்தான்.

மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை மூன்று டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். டிரைவர் கருத்தும் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தங்கைதான் கதவைத் திறந்தாள். "வாண்ணா. உன்னைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றவள், உள்ளே பார்த்துக் குரலை உயர்த்தினாள். "அண்ணன் வந்திருக்கு. எழுந்து உக்காருங்க."

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாக விழுந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் புதிய ஊன்றுகோல்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். மாத்திரைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில். மேசை மின்விசிறி தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தது. சாவிக்காரர் அந்த மின்விசிறியைப் பார்த்தபடியே, "எப்படி இருக்கீங்க மாப்பிள்ளை?" என்றார்.

"இருக்கேன் மச்சான். பைல என்ன?"

டார்ச்சுகளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். மாப்பிள்ளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். தங்கை டீ கொண்டுவந்து வைத்தாள்.

"இப்ப டார்ச் பாத்து என்னண்ணா பண்றது? அன்னிக்கு ரெண்டு பேட்டரி வாங்கிப் போட்டிருந்தா இந்தக் கதியே இல்ல. இந்த மனுஷனுக்கு எதுதான் ஞாபகம் இருக்கு? கல்யாண நாளும் மறதி, கரண்ட் பில்லும் மறதி, பேட்டரியும் மறதி," என்றாள்.

மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. டார்ச்சின் காந்தத்தைக் கட்டில் காலில் ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்காரர் டீயைக் குடித்தார். சூடு நாக்கைச் சுட்டது, குடித்தார்.

"நீதாண்ணா எப்படியாவது பேசி அந்த எடைமேடை வேலைய வாங்கித் தரணும். உன் பேச்சுக்கு அங்க மதிப்பு இருக்கே," என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை அழைத்துவர மாடி வீட்டுக்குப் போனாள்.

அவள் போனதும் மாப்பிள்ளை டார்ச்சைப் பற்றித்தான் பேசினார். "வெளிச்சம் ரொம்ப தூரம் போகணும்னு அவசியமில்ல மச்சான். நான் ரோட்டைப் பாக்கறதுக்கு டார்ச் வேண்டாம், ரோட்டுல வர்றவன் என்னைப் பாக்கணும். இந்தச் செவப்பு லைட் நல்லது. பின்னாடிக் கதவுல ஒட்டிவிட்டா ரெண்டு கையும் சும்மா இருக்கும், நட்டைக் கழட்டலாம். இல்லேன்னா வாயில கடிச்சுக்கிட்டுத்தான் கழட்டணும், எச்சில் ஒழுகும்." சிரித்தார். "சீட்டுக்கு அடியில வைக்கக் கூடாது. கதவுப் பக்கமா, உக்காந்த எடத்துலேர்ந்து கை போற மாதிரி ஒரு பட்டை போட்டு மாட்டணும். டார்ச்சைத் தேட இன்னொரு டார்ச்சா வாங்கறது?"

சாவிக்காரர் பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"அப்புறம் பேட்டரி உள்ளயே இருக்கணும்," என்றார் மாப்பிள்ளை, அதே குரலில். "அன்னிக்கு ஷட்டருக்கு வெளிய உங்க செருப்பு கெடந்துச்சு மச்சான்."

சாவிக்காரர் பேனாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திரும்பத் திறந்து மூடினார். சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. டீக்கடையில் கேட்ட பேச்சு, இரண்டு நாள் சாப்பிடாதது, எல்லாம். இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அதில் ஒன்றுகூடச் சொல்லத் தகுந்ததாக இல்லை.

"பயப்படாதீங்க. மறந்துட்டேன்னு எழுதி நேத்தே ஆபீசுக்கு அனுப்பிட்டேன். உள்ளே ஆள் இருந்தும் தரலேன்னு எழுதினா உங்க வேலை போயிடும். ரெண்டு வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சா யாருக்கு என்ன கெடைக்கும்? அவகிட்டயும் மறந்துட்டேன்னுதான் சொல்லியிருக்கேன். உங்க மேல உசுரையே வச்சிருக்கா."

கேட்டதும் சாவிக்காரருக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று ஒரு மூச்சு வெளியே வந்தே விட்டது. அது மாப்பிள்ளை காதில் விழுந்தது. அடுத்த கணமே வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் முதலில் வந்தது நிம்மதிதான். அதை அவரால் எந்தக் காலத்திலும் இல்லை என்று சொல்ல முடியாது.

"எடைமேடைய மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க," என்றார் மாப்பிள்ளை. "வேற ஒன்னும் வேண்டாம். இனிமே இந்த வீட்டுக்கு வந்தா உங்க தங்கச்சியப் பாத்துட்டுப் போங்க. என்னைப் பாக்க உள்ள வர வேண்டாம்."

திங்கட்கிழமை காலை கமிட்டி கூடியது. முதல் விஷயம் டார்ச். சாவிக்காரர் தாளை விரித்து வைத்துக்கொண்டு பேசினார். மேனேஜர் அலுமினிய டார்ச்சை எடுத்து, "இதுதான் பார்வையா இருக்கு," என்றார். சாவிக்காரர் விடவில்லை. அது மூன்றாம் நாள் செத்த கதையைச் சொன்னார், காந்தத்தைச் சொன்னார், சிவப்பு விளக்கைச் சொன்னார். கதவுப் பக்கம் பட்டை போட்டு மாட்ட வேண்டும் என்றார். புறப்படும்போது நிரப்புகிற தாளில் 'டார்ச் உள்ளதா' என்பதை அடித்துவிட்டு 'டார்ச் எரிகிறதா' என்று போட வேண்டும் என்றார். கடைசியில் பேட்டரி விதியை எடுக்க வேண்டும் என்றபோது பாதுகாப்பு அதிகாரிக்கே ஆச்சரியமாகிவிட்டது.

"நீங்க கொண்டுவந்த விதிதானே சார் அது?"

"ஆமா. தப்பு. பேட்டரி இல்லாத டார்ச் வெறும் குழாய். நாலு பேட்டரி திருட்டுப் போனாப் போகட்டும். எப்பவும் உள்ளயே இருக்கணும்."

அவர் குரல் உயர்ந்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் மேனேஜரை எதிர்த்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை. கால் மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்தும் விட்டார். மூன்றாவது டார்ச், பதினான்கு வண்டிக்கும், கசியாத பேட்டரியோடு. மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டாவது விஷயம்," என்று மேனேஜர் அடுத்த தாளை எடுத்தார். மாப்பிள்ளையின் கையெழுத்து மேலிருந்து கீழாகச் சாய்ந்து போயிருந்தது. "பேட்டரி வாங்க மறந்துட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. பாவம்தான். ஆனா எடைமேடைங்கறது ஞாபகமா, கவனமா பாக்க வேண்டிய எடம். ஒரு எடையைத் தப்பா எழுதினா போச்சு. மறதி இருக்கற ஆளை எப்படி அங்க உக்கார வைக்கறது?"

"அதானே," என்றார் பாதுகாப்பு அதிகாரி.

சாவிக்காரரைக் காப்பாற்ற எழுதிக் கொடுத்த ஒரு வரி, எழுதினவன் கழுத்துக்கே வந்து நிற்கிறது. ஒரே ஒரு வாக்கியம் போதும்: அவர் மறக்கவில்லை, நான் உள்ளேதான் இருந்தேன். டார்ச்சுக்காகக் கால் மணி நேரம் பேசின வாய் அது. ஈரம்கூட இன்னும் காயவில்லை.

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே. நீங்க என்ன சொல்றீங்க?"

இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். சாவிக்காரர் தாளை மடித்தார். "சொந்தக்காரர் விஷயம் சார். நான் கருத்துச் சொல்றது முறையில்ல. நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க," என்றார்.

"இதுதான் சார் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது," என்ற மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி பக்கம் திரும்பினார். "அவர் நீதி நியாயம் பாக்கறவர். சங்கடப்படுத்த வேண்டாம்." மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் கடிதம் பத்து நிமிஷத்தில் தயாராகிவிட்டது. கமிட்டி உறுப்பினர் என்ற இடத்தில் சாவிக்காரரும் கையெழுத்துப் போட்டார்.

கீழே இறங்கி வந்தபோது தங்கை வாசலில் காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள். அவரைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னண்ணா ஆச்சு?"

"கெடைக்கலம்மா."

"ஏன்?"

"மறதி இருக்கறவருக்கு அந்த எடம் சரிவராதுன்னுட்டாங்க."

ஒரு லாரி எடைமேடையில் ஏறி நின்றது. அறைக்குள் யாரோ எண்ணைப் படித்துச் சொன்னார்கள்.

"நீ என்ன சொன்ன?"

"நான் எதுவும் சொல்லல. சொந்தக்காரன் பேசக் கூடாது இல்லையா?"

"ரெண்டு மாசமா நான் அவரை மறதி மறதின்னு திட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்ல. இந்த எடத்துல நீயாவது அவருக்காகப் பேசியிருக்கலாம். அந்த மனுஷனுக்குன்னு வேற யாருண்ணா இருக்கா?" என்றாள்.

சாவிக்காரரின் வாய் திறந்தது. அவள் காத்திருந்தாள். அவள் அப்படிக் காத்திருந்தது ஒரு நிமிஷம் இருக்கும். உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் தாராளம். வாய் மூடிக்கொண்டது.

தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து, கோபத்தில்கூட, 'போயிட்டு வரேண்ணா' என்று சொல்லாமல் அவள் அவரிடமிருந்து கிளம்பியதில்லை.

"போறேன்," என்றாள்.